பழைய சிஆர்டி மானிட்டரில் பிஎஸ்2, பிஎஸ்1, 8-பிட் டிவி கேம் ஓடுமா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். மூடிவிட்ட ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து 17 அங்குல சிஆர்டி மானிட்டர், அதாவது பிக்சர் டியூப் உள்ள பழைய குண்டு மானிட்டர் ஒன்று உங்களுக்குச் சும்மா கிடைத்திருக்கிறது. கையில் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) இருக்கிறது, பிஎஸ்1 டிஸ்குகள் கொஞ்சம் இருக்கின்றன, அண்ணன் காலத்து 8-பிட் கேசட் டிவி கேம் துப்பாக்கியோடு இருக்கிறது. எல்இடி டிவியில் மாட்டினால் படம் மங்கலாக இருக்கிறது, பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான். பழைய கேமுக்கு சிஆர்டிதான் சரி என்று எல்லாரும் சொல்வதால் இந்த மானிட்டரில் மாட்டலாமா, ஒரு முனையில் விஜிஏ, மறுமுனையில் மூன்று ஆர்சிஏ பின் உள்ள 200 ரூபாய் கேபிள் போதுமா, துப்பாக்கி வேலை செய்யுமா என்று கேட்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: சிஆர்டி டிவியும் சிஆர்டி மானிட்டரும் ஒன்றா? ஒன்றில்லை. பிக்சர் டியூப் ஒரே குடும்பம், அதை ஓட்டும் சர்க்யூட் வேறு. பல வருஷம் இரண்டையும் பெஞ்சில் வைத்து ரிப்பேர் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. டியூபுக்குள் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒரு கோடு வரைந்து, திரும்ப வந்து, அடுத்த கோட்டை வரைகிறது. நொடிக்கு எத்தனை கோடு என்பதுதான் லைன் ஃப்ரீக்வென்சி. நம் ஊரின் பால் (PAL) ஒளிபரப்பு முறை டிவியில் அது 15,625. அமெரிக்க, ஜப்பானிய என்டிஎஸ்சி-யில் 15,734. இரண்டையும் பேச்சில் 15 கிலோ ஹெர்ட்ஸ் என்போம். 1987 இல் ஐபிஎம் கம்ப்யூட்டருக்காகக் கொண்டுவந்த விஜிஏ-வில் 640×480 படத்துக்கே நொடிக்குச் சுமார் 31,469 கோடு வேண்டும், அதாவது என்டிஎஸ்சி டிவியைப் போல் சரியாக இரண்டு மடங்கு. உங்கள் மானிட்டரின் பின்பக்க லேபிளிலோ, மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் கிடைக்கும் குறிப்பிலோ 30-70 கிலோ ஹெர்ட்ஸ், 50-160 ஹெர்ட்ஸ் என்பதுபோல் இரண்டு எல்லைகள் இருக்கும். முதலாவது கிடைமட்டம், நொடிக்கு எத்தனை கோடு; இரண்டாவது செங்குத்து, நொடிக்கு எத்தனை படம். அந்த 30 என்ற கீழ் எல்லைதான் உங்கள் முழுப் பிரச்சினையும். ஃபாமிகாம், மெகா டிரைவ், சூப்பர் ஃபாமிகாம், பிஎஸ்1 என்று 1990களின் நடுப்பகுதி வரை வந்த வீட்டு கன்சோல்கள் எல்லாம் டிவிக்காகச் செய்தவை. அவை 15 கிலோ ஹெர்ட்ஸில்தான் பேசும். பிஎஸ்2-வும் பெரும்பாலான நேரம் அப்படியே.

15-ஐ 30-70 மானிட்டரில் கொடுத்தால் என்ன ஆகும்? 1990களின் பிற்பகுதிக்கு அப்புறம் வந்த மானிட்டர் என்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. உள்ளே இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் வரும் வேகத்தை அளந்து, எல்லைக்கு வெளியே என்று எழுத்துக் காட்டிப் படத்தை நிறுத்திவிடும், அல்லது ஆரஞ்சு விளக்கோடு தூங்கிவிடும். அதற்கு முந்தைய, ஒரே வேகத்துக்கென்று செய்த பழைய விஜிஏ மானிட்டர்களில்தான் ஆபத்து. கோட்டை இழுக்கும் டிஃப்ளெக்‌ஷன் காயிலில் மின்னோட்டம் நேரத்தோடு ஏறிக்கொண்டே போகும். வேகம் பாதியானால் ஒரு கோட்டுக்கான நேரம் இரண்டு மடங்கு, மின்னோட்டத்தின் உச்சமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கற்றை திரும்பும்போது எழும் மின்னழுத்தத் துடிப்பும் அதே அளவில் எகிறும். அந்தக் காயிலை ஓட்டும் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர் அதைத் தாங்காமல் ஷார்ட் ஆகிவிடும். ஆகவே லேபிளில் எல்லை எதுவும் போடாத, முன்பக்கம் டிஜிட்டல் மெனு இல்லாமல் திருகும் குமிழ் மட்டும் உள்ள பழைய மானிட்டர் என்றால் சோதித்துப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். உங்களுடையது பிரவுசிங் சென்டர் காலத்து 17 அங்குலம் என்பதால் பாதுகாப்புள்ள வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் லேபிளைப் பார்க்காமல் அதை உறுதி என்று சொல்ல மாட்டேன்.

விதிவிலக்காக 15 வாங்கும் மானிட்டர்கள் உண்டு. 1981 இல் வந்த சிஜிஏ-வுக்கான மானிட்டர்கள், அமிகாவோடு விற்ற கொமடோர் 1084, என்ஈசி-யின் முதல் மல்டிசிங்க், ஷார்ப் எக்ஸ்68000-க்கான ஜப்பானிய மானிட்டர்கள். இவை நம் பழைய சாமான் கடைகளில் தட்டுப்பட்டு நான் பார்த்ததில்லை. உங்களுடையதும் இவற்றில் ஒன்றில்லை.

இப்போது அந்த 200 ரூபாய் கேபிள். வேண்டாம். அதற்குள் ஒயரைத் தவிர எதுவும் இல்லை. குழாயின் வாயை மாற்றினால் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராகாது. அது சில புரொஜெக்டர்களின் விஜிஏ சாக்கெட்டில் காம்பொனென்ட் சிக்னல் கொடுப்பதற்காக வந்த கேபிள். புரொஜெக்டருக்குள் அதைப் புரிந்துகொள்ளும் சர்க்யூட் இருக்கிறது, மானிட்டருக்குள் இல்லை. வேகம் ஒத்துப்போனாலும் நிறம் ஒத்துப்போகாது. காம்பொனென்டில் மூன்று ஒயரும் சிவப்பு, பச்சை, நீலம் என்று பின்னில் நிறம் போட்டு வந்தாலும் உள்ளே ஓடுவது ஒரு வெளிச்சம், இரண்டு நிற வித்தியாசங்கள். மானிட்டர் கேட்பது நிஜமான சிவப்பு, பச்சை, நீலம்; கூடவே கிடைமட்டத்துக்கும் செங்குத்துக்கும் தனித்தனி சிங்க், அதாவது கோடும் படமும் எப்போது தொடங்குகின்றன என்று சொல்லும் துடிப்பு. மஞ்சள் பின் ஒன்று மட்டும் வரும் காம்பொசிட்டோ இன்னும் தள்ளி நிற்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஒயரில் குழைத்துக் கொடுப்பது அது.

சரி, எந்த கன்சோல் இந்த மானிட்டரில் இயல்பாக ஓடும்? முதலில் நினைவுக்கு வருவது 1998 இல் வந்த சேகா டிரீம்காஸ்ட். அதற்கு விஜிஏ பெட்டி என்று தனியாகவே விற்றார்கள்; பெரும்பாலான கேம்கள் 640×480-ஐ 31 கிலோ ஹெர்ட்ஸில் நேராகக் கொடுக்கும், நடுவில் எந்த மாற்றுக் கருவியும் தேவையில்லை. அந்தப் படத்தை நல்ல டியூபில் ஒருமுறை பார்த்தவர்கள் எல்இடி பக்கம் திரும்ப யோசிப்பார்கள். அடுத்தது எக்ஸ்பாக்ஸ் 360. 2006 இல் இந்தியாவிலும் முறையாக விற்பனைக்கு வந்ததால் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. அதற்கு விஜிஏ கேபிள் உண்டு, 640×480, 1024×768, 1280×1024 எல்லாம் மெனுவிலேயே தேர்ந்தெடுக்கலாம். 2013 இல் வந்த கடைசி மாடலான 360 ஈ-யில் மட்டும் அந்த சாக்கெட்டை எடுத்துவிட்டார்கள். நின்டெண்டோ வீ-யில் காம்பொனென்ட் கேபிள் போட்டு 480பி-க்கு, அதாவது 480 கோட்டையும் ஒரே மூச்சில் வரையும் 31 கிலோ ஹெர்ட்ஸ் முறைக்கு மாற்றலாம், ஆனால் நிறத்தை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) ஆக்கும் டிரான்ஸ்கோடர் என்ற கருவி நடுவில் வேண்டும். கேம்க்யூபும் 480பி கொடுக்கும். அதற்கான அசல் காம்பொனென்ட் கேபிளுக்குள்ளேயே ஒரு சிப் இருப்பதால் விலை கன்சோலைத் தாண்டிவிடும். பிஎஸ்3 வைத்திருப்பவர்கள் எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ ஆக்கும் சின்ன அடாப்டர் போடுகிறார்கள், பெரும்பாலும் வேலை செய்கிறது.

உங்கள் பிஎஸ்2 இரண்டுங்கெட்டான். 2000 இல் வந்த இந்தப் பெட்டிக்கு 31 கிலோ ஹெர்ட்ஸ் கொடுக்கும் திறமை இருக்கிறது. சோனி 2002 இல் விற்ற லினக்ஸ் கிட்டோடு ஒரு விஜிஏ கேபிளும் வந்தது. ஆனால் அதில் சிங்க் தனி ஒயரில் வராது, பச்சை ஒயரின் மேலேயே ஏறி வரும். பெரிய சோனி, மிட்சுபிஷி, என்ஈசி மானிட்டர்கள் பல அதைப் பிரித்தெடுக்கும். அலுவலகத்துக்கும் பிரவுசிங் சென்டருக்கும் விற்ற சாதாரண 15, 17 அங்குலங்களில் பலவற்றுக்கு அது தெரியாது, சிக்னலே இல்லை என்று சொல்லிவிடும். சிங்கைப் பிரிக்கும் சிறு சர்க்யூட் போட்டு இதைத் தாண்டலாம். தாண்டினாலும் இன்னொரு தொல்லை. கன்சோலின் சொந்த மெனுவும், பெரும்பாலான கேம்களும் 480ஐ, அதாவது ஒன்று விட்டு ஒரு கோடாக இரண்டு தவணையில் வரையும் 15 கிலோ ஹெர்ட்ஸ் முறை. 480பி உள்ள கேம்கள் சொற்பம்தான். காட் ஆஃப் வார், கிரான் டூரிஸ்மோ 4 போன்றவற்றின் அமெரிக்கப் பதிப்பில் அது உண்டு. ஐரோப்பாவுக்கான பால் பதிப்புகளில் அந்த வசதியைப் பல நிறுவனங்கள் எடுத்துவிட்டன. உள்ளதிலும், கேம் 480பி-க்குப் போகும்வரை மானிட்டர் கறுப்பாகத்தான் இருக்கும், குருட்டாம்போக்கில் பட்டன் அழுத்த வேண்டும். ஜிஎஸ்எம் என்று ரசிகர்கள் எழுதிய ஹோம்பிரூ மென்பொருள் எந்த கேமையும் 480பி-க்குத் தள்ளப் பார்க்கும். சில கேமில் பிரமாதம், சிலதில் பாதிப் படம், சிலதில் தொங்கிவிடும். எது எப்படி என்று பொதுவாகச் சொல்ல வழியில்லை, ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே உங்கள் நிலையில் நான் இருந்தால் நேர் வழியை விட்டுவிட்டு, கோடுகளை இரட்டிப்பாக்கும் ஒரு போர்டு வாங்குவேன். விலை குறைந்தது ஜிபிஎஸ்-8200. ஆர்கேட் மெஷின்களில் பழைய டியூபுக்குப் பதில் விஜிஏ மானிட்டர் வைப்பதற்காகச் சீனாவில் செய்த போர்டு இது. வந்தபடியே மாட்டினால் கேம் கன்சோல் படத்தைச் சரியாகக் கையாளாது. பழைய கன்சோல்கள் தரும் 240 கோட்டுப் படமான 240பி-யை 480ஐ என்று நினைத்துக் குழப்பி, படத்தை ஆட வைக்கும். அதில் ஈஎஸ்பி8266 என்ற சின்ன வைஃபை போர்டைச் சில ஒயர்களால் சோல்டர் செய்து, ஜிபிஎஸ்-கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் அது வேறு பிறவி எடுக்கும். பிஎஸ்2-வுக்கு நல்ல காம்பொனென்ட் கேபிள் ஒன்று வாங்குங்கள், அதை இந்தப் போர்டில் கொடுங்கள், போர்டின் விஜிஏ-வை மானிட்டரில் கொடுங்கள். பிஎஸ்1 டிஸ்கையும் பிஎஸ்2-விலேயே போடலாம். அது காம்பொனென்டில் 240பி-யாகவே வெளியே வரும், பல எல்இடி டிவிகள் ஏற்க மறுக்கும் அந்த சிக்னலை இந்தப் போர்டு ஏற்றுக்கொள்ளும். ஒரு கன்சோல், ஒரு கேபிள், ஒரு போர்டு, இரண்டு தலைமுறை கேம்கள். மானிட்டரில் ஸ்பீக்கர் இருக்காது என்பதால் சிவப்பு, வெள்ளை ஆடியோ பின்களை 3.5 மில்லிமீட்டர் மாற்றி வழியாகக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடுங்கள்.

சோல்டரிங் கைவராதவர்கள் ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் 2எக்ஸ் போன்ற தயார் கருவிகளைப் பார்க்கலாம். ஓஎஸ்எஸ்சி ஆர்ஜிபி-யும் காம்பொனென்டும் வாங்கும், காம்பொசிட் வாங்காது. ரெட்ரோடிங்க் 2எக்ஸ் காம்பொசிட்டும் வாங்கும். இரண்டுமே டிஜிட்டலாக வெளியே கொடுப்பவை. மானிட்டருக்கு வர எச்டிஎம்ஐ-விஜிஏ அடாப்டர் ஒன்று கூடுதலாக வேண்டும். தரம் நன்றாக இருக்கும், ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து சுங்கமும் கட்டி வாங்கும்போது சும்மா கிடைத்த மானிட்டர் சும்மா கிடைத்ததாக இருக்காது. இன்னொரு வழி பலர் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. 2000களில் கம்ப்யூட்டர் மானிட்டரில் கேபிள் டிவி பார்க்க வாங்கினோமே, அந்த டிவி டியூனர் பாக்ஸ். அதன் ஏவி இன்புட்டில் மஞ்சள் பின்னைச் செருகினால் படம் வந்துவிடும், செலவு இல்லை. ஆனால் அந்தப் பெட்டிகள் ஒவ்வொரு படத்தையும் நினைவகத்தில் வாங்கி, வேறு அளவுக்கு மாற்றி, அப்புறம்தான் அனுப்புகின்றன. தாமதம் வரும், வேகமான அசைவில் சீப்புப் பல் போல விளிம்பு கிழியும். நின்று நிதானமாக ஆடும் ரோல் பிளேயிங் கேமுக்குச் சரி. சண்டை கேம், ஓட்டப் பந்தய கேம் எல்லாம் இதில் வெறுத்துவிடும்.

தாமதம் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இது. அனலாக் சிக்னல் நேராகப் போகும் சிஆர்டி-யில் படத்தைச் சேமித்து வைக்கும் இடமே கிடையாது, கோடு வர வர டியூபில் எழுதிவிடும். கோடுகளை மட்டும் இரட்டிப்பாக்கும் கருவி சில கோடுகள் அளவுக்குத்தான் பிந்தும், அதை யாராலும் உணர முடியாது. முழு ஃபிரேமைச் சேமித்து மாற்றும் கருவியில் குறைந்தது ஒரு ஃபிரேம், அதாவது 60 ஹெர்ட்ஸில் சுமார் 17 மில்லி செகண்ட் போய்விடும். ஜிபிஎஸ்-கன்ட்ரோல் எந்த முறையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து இந்த இரண்டுக்கும் நடுவில் மாறும். உங்கள் எல்இடி டிவியில் கேம் மோட் என்று ஒன்று இருந்தால் அதையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதிலேயே பாதிக் குறை தீர்ந்து நீங்கள் பணம் செலவழிக்காமல் போனாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

படம் எப்படி இருக்கும் என்பதுதான் எல்லாரும் ஏமாறும் இடம். இணையத்தில் பார்த்து ஆசைப்படும் அந்த சிஆர்டி தோற்றம், கறுப்புக் கோடு கோடாக, நிறங்கள் ஒன்றோடொன்று இழைந்து வருவது, அது டிவியின் தோற்றம். மானிட்டரில் அது தானாக வராது. டிவியில் 240 கோடுகளுக்கு நடுவில் வரையாமல் விட்ட இடைவெளிதான் அந்தக் கறுப்புக் கோடு. மானிட்டரில் ஒவ்வொரு கோடும் இரண்டு முறை வரையப்படுவதால் அந்த இடைவெளி அடைபட்டு, பிக்சல்கள் கூர்மையான கட்டங்களாகத் தெரியும். வேண்டுமென்றால் ஒன்று விட்டு ஒரு கோட்டைக் கறுப்பாக்கும் ஸ்கேன்லைன் வசதி மேலே சொன்ன கருவிகளில் இருக்கிறது, ஆனால் வெளிச்சம் நன்றாகவே குறைந்துவிடும். மானிட்டர் டியூப்கள் டிவியைவிட ஏற்கெனவே மங்கல். கடைசிக் காலத்தில் சாம்சங் மேஜிக்பிரைட் போன்ற பெயரில் வந்த, வெளிச்சத்தை ஏற்றும் பட்டன் உள்ள மானிட்டர் என்றால் இங்கே கைகொடுக்கும்.

கூர்மையும் ஒரு விதத்தில் எதிரிதான். மானிட்டரில் பாஸ்பர் புள்ளிகளின் இடைவெளி சுமார் 0.25 முதல் 0.28 மில்லிமீட்டர், வீட்டு டிவியில் அது இரண்டு, மூன்று மடங்கு பெரியது. பிஎஸ்1 நிறக் குறைவை மறைக்கப் புள்ளிப் புள்ளியாக நிறம் தெளிக்கும். டிவியில் அது கலந்து ஒரே நிறமாகிவிடும், மானிட்டரில் அந்தப் புள்ளி வலை அப்படியே தெரியும். மெகா டிரைவில் சோனிக்கின் அருவி காம்பொசிட் டிவியில் கண்ணாடி போலத் தெரிந்தது. ஆர்ஜிபி-யில் பார்த்தால் வெறும் செங்குத்துக் கோடுகள். எது அழகு என்பது ரசனை, அதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எனக்குத் தனிப்பட்ட முறையில் 2டி கேம்கள் டிவியிலும், டிரீம்காஸ்டிலிருந்து தொடங்கும் 3டி கேம்கள் மானிட்டரிலும் பிடிக்கும். பிஎஸ்2-வின் 480ஐ கேம்களில் இரட்டிப்பு முறை போட்டால் படம் மேலும் கீழுமாக லேசாக நடுங்கும் என்பதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

உங்கள் கன்சோலும் டிஸ்கும் பால் என்றால் இன்னொரு கண்டம். 50 ஹெர்ட்ஸை இரட்டித்தால் கிடைமட்டம் 31.25 ஆகி மானிட்டருக்குள் வந்துவிடும், ஆனால் செங்குத்து 50-ஆகவே நிற்கும். லேபிளில் கீழ் எல்லை 50 என்றால் விளிம்பில் பிடிக்கும், 55 அல்லது 56 என்றால் பிடிக்காது. பிடித்தாலும் கம்ப்யூட்டர் மானிட்டரை 50-இல் ஓட்டுவது கண்ணுக்கு வதை, வெள்ளைத் திரை படபடவென்று அடிக்கும். கேமிலேயே 60 ஹெர்ட்ஸ் தேர்வு இருந்தால் எப்போதும் அதையே எடுங்கள்.

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் இருந்தால், கன்சோலே இல்லாமல், கன்சோலைப் போல நடந்துகொள்ளும் எமுலேட்டர் மென்பொருளில் ஆடுவது இந்த மானிட்டருக்கு உண்மையிலேயே பொருத்தமான வேலை. இதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. 240பி படத்துக்கு மொத்தம் 262 கோடு. அதை நொடிக்கு 60-க்குப் பதில் 120 முறை காட்டினால் 31.4 கிலோ ஹெர்ட்ஸ். அதாவது கோட்டை இரட்டிக்காமல், படத்தை இரட்டித்தே மானிட்டரின் எல்லைக்குள் வந்துவிடலாம். கோடுகளுக்கு நடுவில் இடைவெளி நிஜமாகவே கிடைக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அடுத்து ஒரு கறுப்புப் படத்தைச் செருகச் சொன்னால் அசைவும் டிவி போலத் தெளிவாகிவிடும். ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டர் மென்பொருளில் அந்த வசதி இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டில் அனலாக் வெளியீடு இருந்தால் நல்லது. என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 980 டிஐ வரை அது உண்டு, 10 வரிசையிலிருந்து கிடையாது.

அடுத்து மானிட்டரின் உடம்பு. இதை அவசரப்பட்டுக் கடந்து போகாதீர்கள். பல வருஷம் சும்மா கிடந்த மானிட்டரை நேராக 230 வோல்ட்டில் செருகாதீர்கள். ரிப்பேர் கடையில் சீரிஸ் பல்பு போர்டு வைத்திருப்பார்கள், 100 அல்லது 200 வாட் குண்டு பல்பு வழியாக மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். டியூபில் ஒட்டிய காந்தத்தை நீக்கும் டீகாஸ் காயில் ஆன் ஆகும் கணத்தில் பல்பு பளிச்சென்று எரிந்து, உடனே மங்கினால் நல்ல அறிகுறி. எரிந்தபடியே நின்றால் பவர் சப்ளையில் ஷார்ட். பல்லி, கரப்பான் உள்ளே போய் ஷார்ட் ஆன மானிட்டர்கள் நம் ஊரில் ஏராளம். மழைக்காலத்தில் ஆன் செய்ததும் 'சர்' என்று சத்தமும் ஒருவித வாசனையும் வந்தால் அது டியூபுக்குள் உயர் மின்னழுத்தம் நுழையும் ஆனோட் மூடியைச் சுற்றி ஈரத்திலும் தூசியிலும் மின்சாரம் கசிவது, உடனே அணைத்துவிடுங்கள். படம் மங்கலாகத் தொடங்கி அரை மணியில் தெளிந்தால் டியூப் கிழடு. ஃபோகஸ் மட்டும் போயிருந்தால் உயர் மின்னழுத்தம் தரும் ஈஎச்டி டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள குமிழைத் திருப்பிச் சரிசெய்யலாம். தட்டினால் ஒரு நிறம் போய் வந்தால் பெரும்பாலும் டியூபின் கழுத்தில் மாட்டிய நெக் போர்டில் டிரை சோல்டர், அதாவது விட்டுப்போன பற்றவைப்பு.

ஆனால் இவற்றை நீங்கள் திறந்து செய்ய வேண்டாம் என்பதில் நான் கறாராக இருக்கிறேன். வண்ண டியூபின் ஆனோடில் 25,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபின் கண்ணாடியே கெபாசிட்டராக நின்று அதைப் பிடித்து வைத்திருக்கலாம். பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும், உயிரை எடுக்க அதுவே போதும். டியூபின் பின்புறக் கழுத்தில் இடித்தால் கண்ணாடி உடைந்து காற்று உள்ளே பாயும். டிவி ரிப்பேர் தெரிந்த பெரியவர் எவராவது உங்கள் ஊரில் இன்னும் இருப்பார், அவரிடம் கொண்டுபோங்கள். சென்னை என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரியுங்கள். நீங்கள் வெளியிலிருந்து செய்யக்கூடியது டீகாஸ் பட்டனை அழுத்துவது, ஸ்பீக்கரைத் தள்ளி வைப்பது. மூலையில் பச்சையோ ஊதாவோ திட்டாகத் தெரிந்தால் பக்கத்து ஸ்பீக்கரின் காந்தம்தான் பெரும்பாலும் காரணம். சோனி டிரினிட்ரான் வகை டியூபாக இருந்தால் குறுக்கே முடி போல ஒன்றோ இரண்டோ நிழல் கோடு தெரியும். அது கிரில்லைப் பிடித்திருக்கும் கம்பி, கோளாறில்லை.

கடைசியாக, அண்ணனின் 8-பிட் பெட்டியும் துப்பாக்கியும். அந்தப் பெட்டிகளில் ஆன்டெனா சாக்கெட்டும் மஞ்சள் பின்னும்தான் இருக்கும், ஆர்ஜிபி கிடையாது. மானிட்டருக்குக் கொண்டுவர காம்பொசிட் வாங்கும் கருவி வேண்டும். போட்ட காசுக்கு வரும் படம் ஈடாகாது. துப்பாக்கி விஷயம் இன்னும் தெளிவு. டக் ஹண்ட் என்ற வாத்து சுடும் கேமில் துப்பாக்கியின் விசையை இழுத்ததும் கேம் திரையை ஒரு கணம் கறுப்பாக்கி, அடுத்து வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் போடும்; அந்த வெளிச்சம் அந்த ஃபிரேமுக்குள்ளேயே துப்பாக்கியின் சென்சாருக்கு வந்தாக வேண்டும். நின்டெண்டோவின் அசல் துப்பாக்கியில் 15 கிலோ ஹெர்ட்ஸில் துடிக்கும் வெளிச்சத்தை மட்டும் ஏற்கும் வடிகட்டியும் உண்டு. பிஎஸ்2-வின் கன்கான் துப்பாக்கிகளும் டிவியின் வேகத்தில் ஓடும் கற்றையை நம்பித்தான் குறி பார்க்கின்றன. 31-க்கு மாற்றிய படத்தில் இவற்றை நம்பி இறங்காதீர்கள். துப்பாக்கிக்காகப் பழைய 14 அல்லது 21 அங்குல டிவி ஒன்றைத் தேடுங்கள், எக்ஸ்சேஞ்சில் போகாமல் பாட்டி வீட்டில் மூலையில் கிடந்தால் இன்றைக்கே கேட்டு வாங்கி வையுங்கள். 100 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும் டிவி மட்டும் வேண்டாம், அதிலும் துப்பாக்கி வேலை செய்யாது.